மாற்றிக் கொடுத்த சாவிகள்

தெற்கு சூடான்
18 ஜூன் 2023

அன்புள்ள கலைக்கு,

இங்கே முழங்கால் வரைக்கும் சேறு. அதற்கு மேலே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம் என்றுதான் பெயர். ஸ்பீக்கரில் போட்டு வீடே சுற்றி நின்றால் நான் உன்னிடம் என்ன கேட்பது, நீ என்ன சொல்வது? அதனால் இனிமேல் பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். முகாமில் நெட் எப்போது வருகிறதோ அப்போது உன்னிடம் வந்து விழும். நீயும் அப்படியே செய். நிச்சயமான புதிதில் ரெஜிமெண்டுக்கு நீ எழுதிய கடிதங்களோடு சரி. அப்புறம் உன் கையெழுத்தை மளிகைச் சீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ராணுவ இன்ஜினியர் கம்பெனியை ஓர் ஆற்றுப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். ஐ.நா.வின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைவிட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடிக்கிறேன். இங்கே இரண்டு ஊர்கள். பெயர் நம் வாயில் நுழையாது. ஆற்றங்கரை ஊர், மேட்டு ஊர் என்று வைத்துக்கொள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு. அதில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பதில் ஆரம்பித்த சண்டையில் உயிர்கள் போய்விட்டன. அதிகாரிகள் வந்து பம்பைப் பூட்டிவிட்டார்கள். சோலார் பலகை ஐரோப்பாவிலிருந்து வந்தது. பம்பு ஆசியாவில் ஏதோ ஒரு நாடு கொடுத்தது. பைப் இழுக்கப் போகிறவன் காரிமங்கலத்துக்காரன். இத்தனை கண்டம் ஒன்று சேர்ந்தும் ஒரு குடம் தண்ணீர் வரவில்லை, கலை. எல்லாரும் ஆற்றுக் கலங்கலைத்தான் குடிக்கிறார்கள்.

ஆற்றங்கரை ஊரில் அச்சோல் என்று ஒரு பெண். நம் வயதுதான் இருக்கும். எல்லாரும் ‘மாமா அச்சோல்’ என்று கூப்பிடுகிறார்கள். இங்கே பெண்களை மரியாதையாக மாமா என்றுதான் அழைக்க வேண்டுமாம். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் நீ என்னைக் கூப்பிடுகிற ஞாபகம் வந்து சிரித்துவிடுகிறேன். அவர் என்னைக் கொஞ்சம் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உன் கையால் நாலு வரி எழுது.

உன்,
மாதவராஜ்


ஏரிமோட்டூர்
4 ஜூலை 2023

அன்புள்ள மாமாவுக்கு (அந்த மாமா இல்லை, எங்கள் மாமாவுக்கு),

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பாப்பா சாப்பிடுகிறாள், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை கேட்கிறாள். நீங்கள் சேற்றில் நின்று கால் விரல் இடுக்கில் புண் ஆக்கிக்கொள்ளாதீர்கள். தேங்காய் எண்ணெய் கிடைத்தால் தடவுங்கள்.

தக்காளி இந்தத் தடவை என்ன விலை போகிறது தெரியுமா? நாம் போடாத வருஷமாகப் பார்த்துத்தான் ஏறுகிறது. கடலை விதைத்தாகிவிட்டது.

போன வாரம் ஒன்று நடந்தது. போனில் சொல்ல முடியாது. காலனிப் பெண்கள் காலிக் குடத்தோடு நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊருக்கு ஒரு வால்வு, காலனிக்கு ஒரு வால்வு இருக்கிறதல்லவா? டேங்க் ஆபரேட்டர் முனியப்பன் ஊர் வால்வைத் திறந்தால் வெயில் ஏறும் வரை மூடுவதில்லை. காலனிக்குத் திறந்தால் ஒரு உலை கொதிப்பதற்குள் மூடிவிடுகிறார். கேட்டால், “பெரியவரு சொன்னாருங்க” என்கிறார். பெரியவர் உங்கள் அண்ணன்.

வந்தவர்களில் பூவிழி என்று ஒருத்தி, ஏழாவது வார்டு உறுப்பினர். என்னைப் பார்த்து, “தலைவரம்மா, நாங்க உங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டோம்? உங்க மூத்தாருக்கா போட்டோம்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நிஜம்தானே? மூன்றரை வருஷமாகப் பஞ்சாயத்துத் தலைவர் நான். பஞ்சாயத்து நடத்துவது உங்கள் அண்ணன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. காப்பி போட்டுக் கொடுத்தேன். பூவிழி குடிக்காமலே போய்விட்டாள்.

மூத்தாரிடம் சொன்னேன். “நீ பாப்பாவப் பாத்துக்க. இதெல்லாம் நான் பாத்துக்கறேன்,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அங்கே அந்தப் பம்பை என்ன செய்தார்கள்? எழுதுங்கள்.

உங்கள்,
கலை


தெற்கு சூடான்
30 ஜூலை 2023

அன்புள்ள கலைக்கு,

மாது அவன் வீட்டிலிருந்து வந்த தேங்காய் எண்ணெயைக் கொடுத்தான். கால் நன்றாகிவிட்டது. அவன்தான், மாரண்டஹள்ளிக்காரன், என் கட்டிலுக்கு அடுத்த கட்டில். நீங்களெல்லாம் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பூவிழி கேட்ட கேள்வி எனக்கும்தான் வந்து தைத்தது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தோம். நம் மேஜர் இரண்டு ஊருக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு, பூட்டுப் பெட்டி என்று திட்டம் போட்டு வந்திருந்தார். சாவி யாரிடம் இருப்பது என்றதும் பழையபடி கூச்சல். எங்கள் சாவி எங்களிடம் என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். அப்படி விட்டால் பலமுள்ளவன் நாள் முழுக்கத் திறந்து வைப்பான், அடுத்தவனுக்குத் தொட்டி காலி.

அப்போது அச்சோல் எழுந்தார். தெங் என்கிற பள்ளிக்கூட வாத்தியார்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பவர். அச்சோல் சொன்னதை நம் பேச்சில் எழுதினால் இப்படித்தான் வரும்: “அவங்க சாவிய எங்ககிட்ட குடுங்க. எங்க சாவிய அவங்ககிட்ட குடுங்க. தெனமும் நான் அவங்க ஊருக்கு நடந்து போயி அவங்களுக்குத் தண்ணி தொறந்து விடறேன். அவங்க ஊருப் பொம்பள வந்து எங்களுக்குத் தொறக்கட்டும். நான் வராட்டி அவளும் வர வேண்டாம்.”

ஆண்களெல்லாம் சிரித்தார்கள். மேட்டு ஊரிலிருந்து நியாபோல் என்று ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நேராக வந்து கையை நீட்டினார்.

இப்போது இரண்டு குழாயிலும் தண்ணீர் வருகிறது. நான் இழுத்த பைப்பில் தண்ணீர் வருவதைப் பார்க்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

உன்,
மாதவராஜ்


ஏரிமோட்டூர்
17 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? கொசுவலையைக் கட்டாமல் தூங்காதீர்கள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் நான் பேசிவிட்டேன். மூன்றரை வருஷத்தில் முதல் தடவை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஊர் வால்வுச் சாவி காலனியில் ஒரு பெண்ணிடம், காலனி வால்வுச் சாவி ஊரில் ஒரு பெண்ணிடம், இரண்டு வால்வும் திறக்கிற நேரம் ஒன்று என்றேன். அச்சோல் பெயரையும் சொன்னேன். ஆப்பிரிக்காவில் இப்படிச் செய்கிறார்கள் என்றதும் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

மூத்தார் எழுந்து, “நம்ம வூட்டுத் தண்ணியத் தொறக்கறதுக்குக் காலனிப் பொம்பளையக் கூப்புடணுமா?” என்றார்.

“அவங்க வூட்டுத் தண்ணியத் தொறக்கறதுக்கு இத்தன வருஷமா நம்ம ஆளத்தானுங்களே கூப்புட்டாங்க,” என்றேன்.

அவர் எதிரில் நான் பேசியதே அதுதான் முதல். சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கை தூக்கச் சொன்னோம். காலனி மொத்தமும் தூக்கியது. ஊரில் பாதிப் பெண்கள், புருஷன்மார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஊர்ச் சாவியைப் பூவிழி வாங்கிக்கொண்டாள். காலனிச் சாவியை வாங்க ஊரில் யாரும் வரவில்லை. இப்போதைக்கு நானே வைத்திருக்கிறேன்.

மூத்தாருக்குக் கொஞ்சம் வருத்தம். போகப் போகச் சரியாகிவிடும்.

கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது. அதனால் நானும் பாப்பாவும் நிலத்தில் இருக்கிற நம் காட்டு வூட்டில் தங்கியிருக்கிறோம். இந்த மழைக்கு இங்கே குளுகுளுவென்று இருக்கிறது. பாப்பாவுக்கு ஒரே குஷி. நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

உங்கள்,
கலை


தெற்கு சூடான்
10 செப்டம்பர் 2023

அன்புள்ள கலைக்கு,

சுகம். எடை கொஞ்சம் கூடியிருக்கிறேன் என்று மாது சொல்கிறான். பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

காட்டு வூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. அடியில் கறையான் அரித்திருக்கும். மாதுவின் மச்சான் மாரண்டஹள்ளியில் தச்சு வேலை செய்கிறான். அவனிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் புதுக் கதவு கொண்டுவந்து மாட்டிவிடுவான். வாசலுக்கு ஒரு லைட்டும் போடச் சொன்னேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதே.

இங்கே தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது. அச்சோலும் நியாபோலும் இப்போது வழியில் சந்தித்தால் நின்று பேசுகிறார்கள். இருவரும் எதைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று தெங்கிடம் கேட்டேன். “சொல்ல மாட்டேன், ஆம்பளைங்களப் பத்தி,” என்றார்.

உன் கிராம சபையைப் பற்றி அச்சோலிடம் சொன்னேன். உன் பெயரைக் ‘கலாய்மனி’ என்று சொல்கிறார். தன் பெயர் கடல் தாண்டி ஒரு மைக்கில் ஒலித்தது என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார். “அவங்களுக்குப் பயமா இல்லியா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

பயமாக இருந்தால் என்னிடம் சொல், கலை.

உன்,
மாதவராஜ்


ஏரிமோட்டூர்
28 செப்டம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். கதவு வந்தது, லைட்டும் வந்தது. நான் கேட்கவே இல்லையே, எப்படித் தோன்றியது உங்களுக்கு? வேம்பில் செய்த கதவு. மூடினால் காற்றுகூட நுழையவில்லை. முதல் நாள் நானும் பாப்பாவும் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

பயமா என்று அச்சோல் கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. அவருக்கு இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல சேதி. காலனிச் சாவிக்கு ஆள் கிடைத்துவிட்டது. யார் என்று நினைக்கிறீர்கள்? நம் மணிமேகலை அக்கா! உங்கள் அண்ணி! பஞ்சாயத்து ஆபீஸ் படியை இதுவரை மிதித்திராதவர். நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “குடு இங்க,” என்றார்.

“என்னதுக்கா?”

“சாவிய. எல்லாத்துக்கும் நீயே ஓடிட்டு இருந்தா கடலைய யாரு புடுங்கறது?”

“மூத்தாரு என்ன சொல்லுவாருக்கா?”

“சோறு ஆக்கறது நானு. என்ன சொல்லுவாரு?”

இருபது வருஷமாக அந்த வீட்டில் அவர் இப்படிப் பேசி நான் மட்டுமல்ல, சுவர்கூடக் கேட்டிருக்காது. காலையில் அவர் காலனிப் பக்கம் போகிறார், பூவிழி ஊர்ப் பக்கம் வருகிறாள். புளியமரத்தருகே எதிரும் புதிருமாகக் கடக்கிறார்கள். இன்னும் பேசிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

அச்சோலுக்கு இதைச் சொல்லுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
கலை


ஏரிமோட்டூர்
19 அக்டோபர் 2023

மாமாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இரண்டு ஞாயிறாகப் போனும் இல்லை. முகாமில் டவர் விழுந்துவிட்டது என்று யாரோ ஒரு தம்பி மெசேஜ் போட்டார். டவர் விழுந்தால் அவர் மெசேஜ் மட்டும் எப்படி வந்தது?

பாப்பா உங்கள் படத்துக்கு மீசை வரைந்திருக்கிறாள். இருக்கிற மீசை போதவில்லையாம்.

நலமாக இருங்கள். எழுத முடிகிறபோது எழுதுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

கலை


தெற்கு சூடான்
3 நவம்பர் 2023

அன்புள்ள கலைக்கு,

நலம். நலமாக இருக்கிறேன். டவர் சரிசெய்து விட்டார்கள். கொஞ்சம் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. போனில் டைப் அடித்தால் சீக்கிரம் முடிகிறது என்பதால் இந்தக் கடிதம் இப்படி.

அண்ணி சாவி வாங்கியது பெரிய சந்தோஷம்.

இங்கே பம்பு இப்போது ஓடவில்லை. சின்ன ரிப்பேர்.

தீபாவளிக்கு பாப்பாவுக்குப் பாவாடை எடுத்துக் கொடு. மற்றபடி நலம்.

மாதவராஜ்


ஏரிமோட்டூர்
12 நவம்பர் 2023, தீபாவளி

அன்புள்ள மாமாவுக்கு,

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எழுதுகிறேன். பாப்பா பச்சைப் பாவாடையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் நலம்.

நீங்கள் ஒரு சின்னக் கடிதத்தில் மூன்று தடவை நலம் என்று அடித்திருந்தீர்கள். ஞாயிறு போனில் குரலைக் கொடுத்தீர்கள், முகத்தைக் காட்டவில்லை. வலது கை இப்போது எப்படி இருக்கிறது மாமா? விரல்கள் அசைகின்றனவா?

எனக்கு அக்டோபர் கடைசியிலேயே தெரியும். மாதுவின் மனைவி கோகிலவாணி போன் செய்தாள். மாது அவளிடம் உளறியிருக்கிறார். “யக்கா, நீங்க தெரிஞ்சமாதிரி காட்டிக்காதீங்க, அண்ணன் திட்டுவாரு,” என்று அழுதாள். குண்டு முன்கையில் பாய்ந்து வெளியே போய்விட்டது, எலும்புக்குச் சேதம் இல்லை என்றாள். அன்று பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு கூட்டம் இருந்தது. போய் உட்கார்ந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்து பூவிழியிடம்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள்.

நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். நீங்கள் டைப் அடித்து அனுப்பினீர்கள். கோபம் வந்தது. அப்புறம் நானே எதை மறைத்தேன் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது.

காட்டு வூட்டுக்குப் பன்றிக்காக வரவில்லை. கிராம சபை முடிந்து வீட்டுக்குப் போனபோது நம் துணிப் பெட்டியும் பாப்பாவின் புத்தகப் பையும் வாசலில் இருந்தன. மூத்தார் உள்ளே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “என் பேச்சக் கேக்காதவங்களுக்கு இந்த வூட்டுல எடமில்ல,” என்றார், டிவியைப் பார்த்தபடியே. அத்தை அழுதார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். இப்போது என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள்.

உங்கள்,
கலை


தெற்கு சூடான்
29 நவம்பர் 2023

கலை,

கை ஆறிவருகிறது. விரல்கள் நான்கும் அசைகின்றன, கட்டை விரல் மட்டும் சோம்பேறித்தனம் செய்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன். பாப்பாவின் ஒன்றாம் வகுப்பு நோட்டு மாதிரி இருந்தால் சிரிக்காதே.

எனக்கும் ஆகஸ்டிலேயே தெரியும். அண்ணன் மறுநாளே போன் செய்தார். “உன் பொண்டாட்டிக்கு நீ புத்தி சொல்லு,” என்றார். “அவளுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணா,” என்றேன். வைத்துவிட்டார். நீயாகச் சொல்லட்டும் என்று நானும் இருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் கதவு. இரண்டு பேரும் நல்ல ஜோடி.

பம்பு ரிப்பேர் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் மேட்டு ஊர் மாடுகளை யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆற்றங்கரைக்காரர்கள்தான் என்று சந்தேகப்பட்டுச் சிலர் துப்பாக்கியோடு வந்தார்கள். நாங்கள் வால்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தோம். நடுவே போய் நின்றோம். என் கையில் ஒன்று பட்டது. அச்சோலின் தம்பி இறந்துபோனான். குடத்தோடு நின்றவன்.

மாடுகளை ஓட்டியது வேறு கூட்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து இரண்டு வால்வும் பூட்டியே கிடக்கின்றன. மேட்டு ஊர்ச் சாவியை அச்சோல் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார். யாரோடும் பேசுவதில்லை. எல்லாரும் மறுபடி ஆற்றுக்கே போகிறார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

டாக்டர் என்னை டிசம்பரிலேயே ஊருக்கு அனுப்பலாம் என்கிறார். விருப்பப்பட்டால் எங்கள் கம்பெனி திரும்பும் மே வரை முகாமில் இலகுவான வேலையில் இருக்கலாமாம். இரண்டு ஊரும் மறுபடி உட்கார வேண்டுமானால் நான் இருந்தால் நல்லது என்று தெங் சொல்கிறார். அடிபட்டவன் நான், யார் மேலும் கோபப்படாதவன் என்பதால் இரண்டு பக்கமும் என்னை உள்ளே விடுகிறார்கள்.

நீ என்ன சொல்கிறாய்? வா என்று ஒரு வார்த்தை எழுது. கிளம்பிவிடுகிறேன். மனதார.

உன்,
மாதவராஜ்


ஏரிமோட்டூர்
20 டிசம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இடது கை எழுத்து வலது கையைவிட நன்றாகவே இருக்கிறது. நாங்கள் நலம். அத்தை இப்போது காட்டு வூட்டுக்கே வந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, தலையணையோடு வந்தார்.

வா என்று எழுதி இரண்டு பேப்பரைக் கிழித்தேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

போன திங்கள்கிழமை விடியும்போது காலனிக்குப் போகிற பைப் வெட்டப்பட்டுக் கிடந்தது. கொடுவாளால் வெட்டியது. யார் என்று இன்றுவரை தெரியாது, ஊர்க்காரர் யாரோதான். காலனியில் ஒரு சொட்டு இல்லை. ஊர்ச் சாவி பூவிழி கையில். ஊர்ப் பெண்கள் குடங்களோடு குழாயடியில் நின்றார்கள். அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன் மாமா.

வந்தாள். பின்னாலேயே மணிமேகலை அக்காவும் வந்தார். பூவிழி வால்வைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. சாவியை மடியில் செருகிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க பைப்ப சரி பண்ற வரைக்கும் இங்கியேதான் உக்காந்திருப்பேன். தண்ணி புடிச்சிட்டுப் போறவங்க என் மூஞ்சப் பாத்துட்டுப் போங்க.”

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதலில் ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்தாள், அப்புறம் ஒவ்வொருத்தியாக. நிரப்பாத குடங்கள் வரிசையாக நின்றன, தண்ணீர் சும்மா ஓடியது. அதைப் பார்க்க முடியாமல் பூவிழியே எழுந்து வால்வை மூடினாள். எந்த வீட்டிலும் அன்று காலை உலை வைக்கவில்லை.

வெயில் ஏறியதும் மூத்தார் வந்தார். அக்கா மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு காரிமங்கலம் போய் பைப்பும் பசையும் வாங்கிவந்தார். முனியப்பனைக் கூட வைத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிப் பள்ளத்தில் இறங்கி அவரே அறுத்துப் பொருத்தினார். காலனிக் குழாயில் தண்ணீர் வந்ததும் பூவிழி ஒரு சொம்பில் பிடித்து நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்கினார். குடிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சொம்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

அது போதும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பைப்பைப் போட்டது அவர்தான்.

இனி என் பதில். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். பகலில் பரவாயில்லை, சோறு போட உட்காரும்போதுதான் தாங்கவில்லை. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டு, அங்கேயே இருங்கள். அச்சோலுக்கு முன்னால் எங்கள் பைப் ஒன்றுமே இல்லை. அவர் தம்பியைக் கொடுத்திருக்கிறார். சாவியைக் கொடு என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டாம். பூவிழி உட்கார்ந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் கொடுத்த யோசனை இங்கே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

கட்டை விரலுக்குத் தினமும் பயிற்சி கொடுங்கள். மே மாதம் வரை நான் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். வேலை இருக்கிறது.

உங்கள்,
கலை


தெற்கு சூடான்
21 ஜனவரி 2024

அன்புள்ள கலைக்கு,

வலது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கிறது, ஆனால் என் எழுத்துத்தான். உடம்பு நலம், நிஜமாகவே. அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் முத்தம். பூவிழிக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அச்சோல் வீட்டுக்குப் போனேன். நான் ஒரு வரி சொல்லச் சொல்ல, தெங் அவர் மொழியில் சொன்னார். அச்சோல் தரையைப் பார்த்தபடி கேட்டார். குடங்கள் காலியாக நின்ற இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முடித்ததும் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த அண்ணன் தண்ணியக் குடிச்சாரா?”

“இல்ல. மூஞ்சி கழுவினாரு.”

“சரி, மூஞ்சிக்காவது ஆச்சே,” என்றார். சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. தம்பி போனபிறகு அன்றுதான் அழுதாராம், அவர் அம்மா சொன்னார். நாங்கள் எழுந்து வெளியே வந்து நின்றோம்.

உன் கடிதத்தைக் கேட்டதால்தான் வால்வைத் திறந்தார் என்று சொல்லமாட்டேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. போன வியாழக்கிழமை காலையில் அச்சோல் தனியாக மேட்டு ஊருக்கு நடந்தார். மாதுவும் நானும் தூரத்திலிருந்து பின்னால் போனோம். ஊரே வெளியே வந்து நின்றது. அச்சோல் பெட்டியைத் திறந்தார், வால்வைத் திருகினார், திரும்பி நடந்தார். அவ்வளவுதான். தம்பியைச் சுட்டவனின் வீடு அந்த வழியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டும்போது நடை ஒரு கணம் நின்றது. அப்புறம் போய்விட்டார்.

மறுநாள் நியாபோல் சாவியோடு ஆற்றங்கரைக்கு வந்தார். வால்வைத் திறந்துவிட்டு அச்சோல் வீட்டுக்குள் போனார். இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. தெங்கைக் கேட்டேன். அவருக்கும் தெரியாதாம்.

இன்று இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது. நாளை என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. அடுத்த மாதம் இரண்டு ஊரும் உட்காரப் போகின்றன. இந்தத் தடவை கூட்டத்துக்கு நாள் குறித்தவர்கள் அவர்களேதான், நாங்கள் இல்லை.

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். சண்டையாக எழுதவில்லை. பைப் போட்டதற்கு நன்றி என்றும், பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக அவரே காட்டு வூட்டுக்கு வரவேண்டும் என்றும் எழுதினேன். வந்தால் போ. வராவிட்டால் நான் வரும்வரை வேம்புக் கதவு இருக்கிறது.

மே மூன்றாவது வாரம் டெல்லியில் இறங்குவேன். அங்கிருந்து ரயிலில் தர்மபுரி. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், நீயும்கூட வேண்டாம். பஸ் பிடித்து நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வருவேன். அன்று கூட்டம் ஏதாவது வைத்துக்கொள். தலைவர் நாற்காலியில் நீ உட்கார்ந்து பேசுவதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. வாசல் ஓரம் நின்று ஒருதரம் பார்க்க வேண்டும். என்னைக் கண்டுவிட்டுப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடாதே. நீ முடிக்கிறவரை நின்றுகொண்டிருக்கிறேன்.

உன்,
மாதவராஜ்